செவ்வாய்க்கிழமைச் சொடக்கு

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அம்மாவைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். ஆனால் அதே உறவுக்காரர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் என்னைத்தான் தேடி வருவார்கள். கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்துவிட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கு நான்தான் அந்தக் கால். காலையில் வெறும் வயிற்றோடு வந்து பாயில் குப்புறப் படுக்க வேண்டும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் இடுப்பிலிருந்து மேல்நோக்கி மூன்று முறை அமுக்கி இழுப்பேன். முடிந்ததும் அவர்கள் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். போயிட்டு வரேன் என்றும் சொல்லக் கூடாது, திரும்ப வந்துவிடுமாம்.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் பாதி உண்டு, பாதி இல்லை. ஆனால் அந்த மரியாதை பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கல்யாணமான புதிதில் என்னை ஏற இறங்கப் பார்த்த என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் எல்லாம் ஒவ்வொருவராக என் காலுக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டார்கள். அது சும்மா இல்லை. தவிர, என் உள்ளங்காலுக்கு விஷயம் தெரியும். எங்கே சதை இறுகிக் கட்டிக்கிடக்கிறது, எங்கே தொட்டால் ஆள் துடிப்பார் என்று கால் வைத்ததுமே தெரிந்துவிடும். அங்கே மெதுவாகவும் மற்ற இடத்தில் அழுத்தியும் மிதிப்பேன்.

பிழைப்புக்கும் அதே வலது கால்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. பிளவுஸ்தான் முக்கியம். பவர் மெஷினில் பெடலை வலது காலால் அழுத்தினால்தான் ஊசி ஓடும். கழுத்து வளைவில் மெதுவாகவும் பக்கத் தையலில் வேகமாகவும் ஓட வேண்டுமென்றால் அதையும் கால்தான் பார்த்துக்கொள்ளும். இருபது வருஷமாக அந்தக் காலை நான் குனிந்து பார்த்ததே இல்லை.

முதுகு போனது நாற்பது வயதில். குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பிலிருந்து வலது கெண்டைக்கால் வரை சூடு வைத்து இழுத்ததுபோல் ஒரு வலி. ஊருக்கெல்லாம் மிதித்தவளை யார் மிதிப்பது? பெரம்பலூரில் கால் முன்னால் வந்து பிறந்த இன்னொருவர் எனக்குத் தெரிந்து இல்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். "உன் முதுகுல நீயே ஏறி நில்லு" என்றார். அவர் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் வைத்திருக்கிறார். எதையும் மெஷினைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். ஆனால் மறுநாள் அவர்தான் என்னை அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மாடியில் அந்த டாக்டர் இருந்தார். போர்டில் பிசியோதெரபி, கைரோபிராக்டிக் என்று எழுதியிருக்கும். ஊரில் அதையெல்லாம் யார் சொல்வது? சொடக்கு டாக்டர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். முப்பது வயதைக்கூடத் தாண்டாத பெண். உடையார்பாளையம் பக்கத்துப் பேச்சு. கை மட்டும் ஆண்பிள்ளைக் கை.

முதல் நாள் நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பக்கவாட்டில் படுக்கச் சொல்லி, மேல் காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை இன்னொரு பக்கமும் பிடித்தார். "மூச்ச விடுங்கக்கா" என்றார். விட்டேன். விட்ட அந்த நொடியில் ஒரு தள்ளு. முதுகுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம். எலும்பு முறிந்துவிட்டது, இனி எழுந்திருக்க மாட்டேன், என் வீட்டுக்காரர் கீழே டீக்கடையில் நிற்கிறார், அவரை யார் போய்க் கூப்பிடுவார்கள் என்று வரிசையாகப் பயம் ஓடியது. எழுந்து உட்காரச் சொன்னபோது உட்கார முடிந்தது. ஒரு வாரத்தில் நடை நேரானது. நாலு தடவை போனதும் மறுபடி வெட்டும் மேஜை முன்னால் நின்றேன்.

அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டேன். காலை பஸ்ஸில் ஏறி, பேரளி தாண்டி, சிமெண்ட் லாரிகள் குதறிப் போட்ட ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போவேன். முதுகைச் சரிசெய்யப் போகிற வழியிலேயே பாதி முதுகு போய்விடும் என்று டாக்டரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். அவர் எனக்குப் போட்ட கட்டளைகள் மூன்று. தினமும் உடற்பயிற்சி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினை விட்டு எழுந்திருப்பது. மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க யாரையும் மிதிக்கக் கூடாதுங்கக்கா. உங்களையும் யாரும் மிதிக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே எதிர்வீட்டு அம்மாவை மிதித்தேன். தேடி வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

டாக்டரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சொடக்கு எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் காலைச் சோதிப்பார். "பெருவிரல மேல தூக்குங்க, நான் அமுக்குவேன், விட்டுக்குடுக்காதீங்க" என்பார். குதிகாலில் நடக்கச் சொல்வார், நுனிக்காலில் நடக்கச் சொல்வார். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, ஒரு துணுக்குப் பஞ்சால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். கோயிலுக்குப் போனால் செருப்பு விடுகிற இடத்தில் நிற்க வைப்பதுபோல. தெரியுது, தெரியுது என்று வேகமாகச் சொல்லிவிட்டுச் சொடக்குக்குத் தயாராவேன். சத்தம் கேட்டால்தான் எனக்கு வைத்தியம் நடந்த மாதிரி. மற்றதெல்லாம் அவர் தன் படிப்பைக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. நடுநடுவே ஒன்றிரண்டு செவ்வாய் தவறும், அடுத்த வாரம் ஈடுகட்டிவிடுவேன். மூன்றாவது வருஷம் தீபாவளி வந்தது.

தீபாவளி சமயத்தில் தையல்காரியைப் போய்ப் பாருங்கள். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். எங்கள் கடையில் நானும் இன்னொரு பெண்ணும் இரண்டு மெஷினில் உட்கார்ந்திருப்போம். அவள் அரும்பாவூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், கை சுத்தம், வாய் அதைவிட வேகம். அந்த வருஷம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டுத் துணி முழுக்க எங்களுக்கு வந்தது. மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வருகிறார், தேதியை மாற்ற முடியாது என்றார்கள். அதையும் ஒப்புக்கொண்டேன். அந்தச் செவ்வாய் போகவில்லை. தீபாவளி முடியட்டும் என்றேன்.

தீபாவளி முடிந்தது. கார்த்திகை முகூர்த்தங்கள் வந்தன. அது முடியட்டும் என்றேன். அதற்குள் பொங்கல் துணி வர ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரருக்கும் அறுவடை நேரம். மெஷினோடு வயல் வயலாகப் போய்விட்டு, உடம்பு முழுக்கச் சோளத் தூசும் சொங்குமாக வருவார். அவர் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

"இந்தச் செவ்வாயும் போவலையா?"

"நீங்க மெஷின நிறுத்திட்டு எங்கூட வாங்க, நானும் என் மெஷின நிறுத்துறேன்."

அவர் துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். நாலு செவ்வாய் போயிற்று. ஆச்சரியம் என்னவென்றால் வலி வரவே இல்லை. கார்த்திகை நடுவில் நாலைந்து நாள் கால் முழுக்க உயிர் போகிற மாதிரி இழுத்தது. மாத்திரை போட்டுக்கொண்டு தைத்தேன். ஒருநாள் காலையில் எழுந்தால் வலி இல்லை. மறுநாளும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உடனே டாக்டருக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். "வலி சுத்தமா விட்டுப்போச்சு டாக்டர். பொங்கல் கழிச்சு வரேன்."

அவர் பதிலுக்குப் பேசி அனுப்பியிருந்தார். வழக்கமான குரல் இல்லை, கொஞ்சம் நிதானமாகக் கேட்டார். "வலி தானா விட்டுடுச்சாங்கக்கா? கால்ல மதமதப்பு ஏதாவது இருக்கா? பாத்துச் சொல்லுங்க. முடிஞ்சா ஒருநாள் வந்துட்டுப் போயிடுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று அனுப்பினேன். பொய் சொல்லவில்லை. மதமதப்பு என்றால் எறும்பு ஊர்வது மாதிரி எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததுதான் அது என்று எனக்கு யார் சொல்வது?

இப்போது நினைத்தால் எல்லாம் கோவையாகத் தெரிகிறது. அந்த நாட்களில் என் மெஷின் திடீர் திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடியது. மெக்கானிக்கை வரவழைத்துத் திட்டினேன். பெடலில் ஒரு குறையும் இல்லை என்று அந்த மனிதர் சத்தியம் செய்தார், அவர் முன்னால் மெஷின் ஒழுங்காக ஓடவும் செய்தது. அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது காலில் செருப்பு இல்லை. வீட்டுக்காரர்தான் பார்த்தார்.

"ஒத்தச் செருப்போட வர?"

குனிந்து பார்த்தேன். தெருவில் பாதி தூரம் வெறும் காலோடு நடந்து வந்திருக்கிறேன். ஜல்லி கொட்டியிருந்த தெரு அது. செருப்பு வார் தளர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் என் காலடியில் வைத்தார். மறுநாள் நான் புதுச் செருப்பு வாங்கினேன். செருப்பு, பெடல், மெக்கானிக் என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டேன்.

மார்கழி கடைசி வாரம். காலையில் கடையைத் திறந்து விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் அரும்பாவூர்க்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். குனிந்து தைத்துத் தைத்து அவளுக்கும் பிடித்துக்கொண்டது.

"வெறும் வயித்தோட வந்துருக்கேங்கக்கா. ஒரு மிதி மிதிச்சி விடுங்க. இன்னும் எவ்ளோ கெடக்கு பாருங்க."

மேஜைக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் பாயை விரித்துப் படுத்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். வைத்தேன் என்று நினைத்தேன். கால் இன்னும் அவள் மேல் படவில்லை போல் இருந்தது. கொஞ்சம் இறக்கினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

அவள் அலறினாள். "எடுங்கக்கா, எடுங்க, எடுங்க."

குனிந்து பார்த்தேன். என் கால் இடுப்பில் இல்லை. விலா எலும்பின் மேல் இருந்தது. என் உடம்புக் கனம் முழுவதும் அந்தக் காலில் இருந்தது. அவள் முதுகு என் பாதத்துக்குக் கீழே நசுங்கிக்கொண்டிருந்தது, எனக்கு அது தெரியவில்லை.

காலை எடுத்தேன். அவள் புரண்டு மூச்சு வாங்கினாள். கண்ணில் தண்ணீர். அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருக்க மாட்டேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குண்டூசி டப்பாவிலிருந்து ஒரு ஊசியை எடுத்தேன். பெருவிரலில் வைத்து அழுத்தினேன். தோல் குழிந்தது. இன்னும் அழுத்தினேன். ஊசி ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் வந்து உருண்டு நின்றது.

வலிக்கவே இல்லை. வேறு யாரோ ஒருவரின் விரலைக் குத்திப் பார்ப்பதுபோல் இருந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. பிரசவத்தில்கூட இல்லை. வலி என்றால் அழலாம், திட்டலாம், மாத்திரை போடலாம். இதை என்ன செய்வது?

"அக்கா, ரத்தம் வருது" என்றாள் அவள். விலாவைப் பிடித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்திருந்தாள். "ஏங்கக்கா குத்துறீங்க?"

நான் அவளைப் பார்த்தேன். "தெரியலடி" என்றேன். ஏன் குத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்று அவள் முதலில் நினைத்துக்கொண்டாள். குத்துவதே எனக்குத் தெரியவில்லை என்பது அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து என் கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். "கடைய நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல அரியலூரு போங்க."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு விரலை மேலே தூக்கிப் பார்த்தேன். இடது கால் பெருவிரல் எழுந்து நின்றது. வலது விரல் கொஞ்சம் அசைந்து படுத்துக்கொண்டது. பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது நான் மறுபடி தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைந்துவிட்டது போல் இருந்தது. இன்னும் எத்தனை கிலோமீட்டரில் மொத்தக் காலும் போகும்? இறங்கும்போது நடக்க முடியுமா? கண்டக்டரிடம் என்ன சொல்லி என்னைத் தூக்கச் சொல்வது? எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு மனிதரை நாற்காலியோடு தூக்கி வெயிலில் வைப்பார்கள். கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் அவர் வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சாமி பெயரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நடுவில், நாலு செவ்வாய், நாலு செவ்வாய் என்று வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மாடிப் படியை நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்ததும் இன்னொருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னைப் படுக்க வைத்தார். ஊசி குத்திய கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணுக்குப் போறதுல எதாவது மாத்தம் இருக்காங்கக்கா? கட்டுப்படாம போவுதா, இல்ல போவ முடியாம இருக்கா?"

இல்லை என்றேன். உட்காரும் இடத்தில் மரத்திருக்கிறதா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதுவரை அப்படியெல்லாம்கூட ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

"கண்ண மூடிக்குங்க" என்றார். பஞ்சு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

இத்தனை வருஷம் அலட்சியமாகப் பதில் சொன்ன அந்தப் பரீட்சையை அன்றைக்குத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதினேன். எல்லா நினைப்பையும் காலுக்கு அனுப்பினேன். தொடையில், முழங்காலில், கெண்டைக்காலில் தெளிவாகத் தெரிந்தது. பாதத்துக்கு வந்தார்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

அப்போது ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. கட்டில் லேசாக அதிர்ந்தது. காலில் ஏதோ பட்டது போல் இருந்தது. "தெரியுது டாக்டர்" என்றேன்.

"இங்க?"

"தெரியுது. நல்லாத் தெரியுது."

கண்ணைத் திறந்து பார்த்தேன். டாக்டர் கட்டிலை விட்டு ஓரடி தள்ளி நின்றிருந்தார். பஞ்சு அவர் கையில் இருந்தது.

"நான் இப்ப தொடவே இல்லைங்கக்கா" என்றார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை ஓய்ந்ததும் நான் பக்கவாட்டில் திரும்பிக் காலை மடக்கிக்கொண்டேன். "சொடக்கு எடுத்துவிடுங்க டாக்டர். சரியாப் போயிடும்."

"இன்னைக்கு எடுக்க மாட்டேங்க. இந்த நெலமையில கை வைக்கக் கூடாது. டிஸ்க்கு நரம்ப அழுத்துது. இன்னைக்கே திருச்சி போயி ஸ்கேன் எடுங்க, நான் லெட்டர் தரேன்."

அவர் மாட்டேன் என்று சொன்னது எனக்கு இன்னொரு அடி. சொடக்குதான் வைத்தியம் என்று நினைத்தவளுக்கு, சொடக்கே எடுக்க முடியாத நிலைமைக்கு வந்துவிட்டோம் என்றால் என்ன அர்த்தம்? அவர் லெட்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "வலி போனா நல்லதுதான். ஆனா வலியும் போயி உணர்ச்சியும் போனா, நரம்பு தளந்துபோயிருக்குன்னு அர்த்தம். அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் தொட்டுத் தொட்டுக் கேக்கறது. சொடக்குக்காக மட்டும் நான் உங்கள வரச் சொல்லலைங்கக்கா."

சத்தம் கேட்ட நாட்களை எல்லாம் நான் வைத்தியம் நடந்த நாட்களாக எண்ணியிருந்தேன். அவரோ அந்தப் பஞ்சுக்காகத்தான் என்னை வரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாலு செவ்வாயாக என் காலை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் வயலில் பாதி வேலையில் மெஷினை நிறுத்திவிட்டு நேராகத் திருச்சிக்கு வந்து சேர்ந்தார். தலையிலும் சட்டையிலும் சொங்கு அப்படியே இருந்தது. ஸ்கேன் அறைக்கு வெளியே என் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கே எனக்குத் தெரியும். வாரு நல்லாத்தான் இருந்துச்சு. நீ கத்துவேன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். என் வாய்க்குப் பயந்து அவர் சும்மா இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நரம்பு அழுந்தியிருக்கிறது, பலம் முழுக்கப் போகவில்லை, ஆறு வாரம் பார்க்கலாம், இடையில் விரல் இன்னும் தொங்கினாலோ சிறுநீரில் மாற்றம் வந்தாலோ அந்த நிமிஷமே ஆபரேஷன் என்றார். அந்த ஆறு வாரம் நான் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகப் போர்வைக்குள் விரலைத் தூக்குவேன். தூக்கிவிட்டு அது எழுந்ததா இல்லையா என்று பார்க்கத் தைரியம் இல்லாமல் அப்படியே படுத்திருப்பேன். வீட்டுக்காரர் போர்வையை விலக்கிப் பார்த்துச் சொல்வார். "நேத்து மாதிரிதான் இருக்கு." அதுவே எனக்குப் பெரிய செய்தி.

பொங்கலுக்குப் பாதிப் பேருக்குத் துணி கொடுக்க முடியவில்லை. வாங்கிக்கட்டிக்கொண்டது எல்லாம் அரும்பாவூர்க்காரிதான். விலாவில் கட்டோடு இரண்டு வாரம் தைத்தாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கால் பட்ட இடத்தில் அவளுக்கு மழை நாளில் இன்னும் வலிக்கிறது என்று அவள் புருஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. விரல் மெல்ல மெல்ல எழுந்தது. பாதத்தில் உணர்ச்சியும் ஓரத்திலிருந்து உள்ளே திரும்பியது. பெருவிரல் மட்டும் பாக்கி. பெடலை இடது காலுக்கு மாற்றிக்கொண்டேன். முதல் மாதம் தைத்த பிளவுஸ்களை நானே பிரித்தேன். மிதிக்கச் சொல்லி இன்னும் வருகிறார்கள். இடது காலால் மிதித்தால் பலிக்காதா என்று ஒரு அம்மா கேட்டார். கால் முன்னால் வந்தது உண்மைதான், இரண்டில் எது முதலில் வந்தது என்று எங்கம்மாவைத்தான் கேட்க வேண்டும், அவர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதோ மறுபடி தீபாவளி. மேஜையில் துணி மலையாய்க் கிடக்கிறது. நேற்று செவ்வாய்க்கிழமை. கடையை அரும்பாவூர்க்காரியிடம் விட்டுவிட்டு அரியலூர் போனேன். காலையிலிருந்தே பயமாகத்தான் இருந்தது. போன வாரம் மூன்று நாள் கூடுதல் நேரம் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், முதுகில் வலி இல்லை. வலி இல்லாத நாட்களில்தான் எனக்கு இப்போது பயம்.

படுத்துக் கண்ணை மூடினேன். பஞ்சு டப்பா திறந்தது.

"இப்ப தெரியுதா?"

யோசித்தேன். "தெரியல" என்றேன்.

"சரிங்க. நான் தொடல." அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "இப்ப?"

"தெரியுது. சுண்டு விரலு."

"இப்ப?"

"தெரியுது. நடு விரலு."

"இப்ப?"

நான் காத்திருந்தேன். கூட்ஸ் வண்டி எதுவும் போகவில்லை. மாடி முழுக்க அமைதியாக இருந்தது. பொய் சொல்ல ஒரு ஆசை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"தெரியல டாக்டர்" என்றேன்.

தொடவில்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமலே இருந்தேன். டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"போன தடவ இந்த எடத்துல தெரிஞ்சுது. இனிமே பதினஞ்சு நாள் வேணாங்கக்கா. வாராவாரம் வந்துடுங்க" என்றார். "அடுத்த செவ்வா தீபாவளிக்கு மொத நாளு. வர முடியுமா?"

"வரேன்" என்றேன்.